பெனிட்டோ சொல்ல வந்தது

ஷைலாவின் கைப்பேசியில் முடிவு வந்தபோது அவள் ஆண்கள் வார்டில் சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். வேலையை முடித்து, கையைக் கழுவி, மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். ஜெர்மன் மொழித் தேர்வு, கேட்டல் பகுதி: தேர்ச்சி இல்லை. படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றையும் அவள் கோடையிலேயே முடித்துவிட்டாள். இந்த ஒன்று மட்டும் இரண்டாவது முறையாகப் போயிருந்தது.

ஜெர்மனியில் நடுத்தரமான ஓர் ஊரின் மருத்துவமனை அவளை நர்ஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் நான்கு பகுதிகளிலும் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நவம்பரில் இன்னொரு தேர்வு இருந்தது. அதை விட்டால் இந்த ஆண்டில் வேறு இல்லை.

அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு ஷேர் ஆட்டோவில் வந்தாள். மழைக்கு முந்தைய அக்டோபர்ப் புழுக்கம். வாசலில் மாமியார் ஞானகுமாரி நெத்திலிக் கருவாட்டின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கிள்ளிப் போட்ட தலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது ஷைலாவின் குழந்தை.

"அத்தை, ரிசல்ட்டு..."

"பூட்ச்சா?"

"ம்."

"காலைல கெளம்பசொல்லவே உன் மூஞ்சப் பாத்தேன். சரி வுடு. கருவாட்டுக் கொழம்பு வெக்கறேன். தொட்டுக்க..."

"முட்டை அவிச்சிடறேன்."

"அதான்."

உள்ளே தொலைக்காட்சிச் சத்தத்தைத் தாண்டி மாமனார் இக்னேஷியஸின் குரல் வந்தது. "இன்னாவாம்?"

"ஃபெயிலு!" என்று கத்தினார் ஞானகுமாரி.

"எதுல?"

"அதே கேக்கறதுலதான்!"

"அவளுக்குக் காது நல்லாத்தானே கீது? ப்ரெஸ்ஸாண்ட நின்னு செவுடானவன் நானு. எனக்குப் பதிலா அவ ஃபெயிலாவறாளா?"

பெனிட்டோ வேலை முடிந்து வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் அவன் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் கையில் கூலன்ட் எண்ணெயின் வாடை போவதில்லை. செருப்பைக் கழற்றியவன், அடுப்படியில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"ஷைலா... நீ வந்து..."

"கவலப்படாதன்றான்" என்றார் ஞானகுமாரி.

"இன்னொரு தபா எழுதிக்கலாம்ன்றான்" என்றார் உள்ளேயிருந்து இக்னேஷியஸ்.

பெனிட்டோ இருவர் பக்கமும் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, "ஆமா" என்றான்.

இந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். ஞானகுமாரி எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் செக்கராக இருந்து ஓய்ந்தவர். தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் அந்தக் கூடத்தில் சூப்பர்வைசர் சொல்வதில் பாதிதான் காதில் விழும். மீதியை முகக்குறிப்பில் பிடித்து, அவர் வாயை மூடுவதற்குள் கை வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். இக்னேஷியஸ் நின்றது பவர் பிரஸ்ஸில். தகட்டின் மேல் அச்சு இறங்கும் இடைவெளிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். இருவரும் அந்தப் பழக்கத்தைச் சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

இவர்களுக்குப் பிறந்த பெனிட்டோ நிதானமாகப் பேசுகிறவனாக இருந்தான். திக்கல் எதுவும் கிடையாது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில், வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பவனைப் போல நிற்பான், அவ்வளவுதான். அந்த இடைவெளி வீட்டில் யாருக்கும் தாங்காது. நாலு பேர் கூடி முடித்து வைப்பார்கள். அவனும் ஆமா என்பான். சொல்வதற்கு முன்னால் சில சமயம் கொஞ்சம் யோசிப்பான். அதை யாரும் கவனித்ததில்லை.

மாங்காட்டிலிருந்து மருமகளாக வந்த ஷைலா சீக்கிரத்திலேயே இந்த வேகத்துக்குப் பழகினாள். "சொல்றதுக்கு முன்னாலயே புரிஞ்சிக்கறா" என்று ஞானகுமாரி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வதுண்டு. ஷைலா முதலில் போவாள், அடுத்த ஆண்டு பெனிட்டோவும் கொஞ்சம் ஜெர்மன் படித்துக்கொண்டு குழந்தையோடு போய்ச் சேர்ந்துகொள்வான் என்பதையும் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஷைலா படித்த வகுப்பு அம்பத்தூர் ஓ.டி.யில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. நடத்திய கார்த்திகா அவளைவிட வயதில் சின்னவள். மென்பொருள் கம்பெனி ஒன்றில் ஜெர்மன்காரர்களோடு போனில் பேசும் வேலை பார்த்துவிட்டு வந்தவள். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள். டியூட்டி முடிந்து வந்து, உட்கார்ந்த வேகத்தில் தூங்கி விழுவார்கள்.

"அக்கா, இன்னிக்கிப் புதுசா ஒண்ணும் வேணாம்" என்றாள் கார்த்திகா. "பரீட்சை மாதிரியே ஒரு ஆடியோ போடறேன். நீங்க பதில் குறிங்க. நான் உங்க கையையே பாத்துட்டிருக்கேன்."

ஒலிப்பதிவில் ஒரு பெண், டாக்டரைப் பார்க்க கிளினிக்குக்குப் போன் செய்து நேரம் கேட்டாள். அவள் எந்தக் கிழமை போகப்போகிறாள் என்பது கேள்வி. ஷைலாவின் பேனா உடனே குறித்தது. கண் அடுத்த கேள்விக்குப் போனது. கார்த்திகா ஒலியை நிறுத்தினாள்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"திங்கக்கெழம வரட்டுமான்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, தேங்க்ஸ் சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

"வெக்கவே இல்லக்கா. இன்னும் பேசிட்டுதான் இருக்காங்க. நான் பாதியில நிறுத்தியிருக்கேன்."

மறுபடி முழுதாக ஓடவிட்டாள். அந்தப் பெண் திங்கட்கிழமை என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு அன்றைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருப்பது நினைவுக்கு வந்து, புதன்கிழமை என்றாள். கடைசியில் வியாழக்கிழமைக்குச் சம்மதித்தாள்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சபீனா விழித்துவிட்டிருந்தாள். பூந்தமல்லி மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவள். "ஏண்டி, அந்தம்மா பாவம் போன்ல தொங்கிகினு கீது. நீ கட் பண்ட்டு போய்கினே கீறியே!"

வகுப்பு சிரித்தது. ஷைலாவும் சிரித்தாள்.

"வார்த்தை எல்லாமே உங்களுக்குத் தெரியுதுக்கா" என்றாள் கார்த்திகா. "பாதி கேட்டதும் மீதியை நீங்களே போட்டுக்கறீங்க. இந்தப் பரீட்சையில எல்லாரும் மொதல்ல ஒண்ணு சொல்லுவாங்க, அப்புறம் மாத்துவாங்க."

"ஏன் மாத்தணும்? ஒரேடியா சொல்லித் தொலைச்சா இன்னா?"

"நெஜத்துல யாருக்கா ஒரேடியா சொல்றாங்க?"



கார்த்திகா அவளுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தாள். தமிழிலேயே செய்யலாம். வீட்டில் யாரையாவது பேசச் சொல்ல வேண்டும். அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. முடித்த பிறகு, அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எங்க ஊட்ல அதுக்கு ஆளே இல்ல" என்றாள் ஷைலா.

"உன் ஊட்டுக்காரர் கீறாரே" என்றாள் சபீனா. "அன்னிக்கி போன் பண்ணி உன்னக் குடுங்கன்னேன். இருங்கன்னு அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் பஸ் புடிச்சி உங்க ஊட்டுக்கே வந்துருக்கலாம்."

அக்டோபர் ஜெபமாலை மாதம். கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் தினம் ஒரு வீட்டில் கூடுவார்கள். அந்த வாரம் ஞானகுமாரியின் வீட்டு முறை வந்தது. பாய் விரித்து, மாதா சுரூபத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, சுண்டல் தாளித்து இறக்கிவைத்திருந்தார்கள். ஞானகுமாரி ஜெபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொன்னார்கள். அவருடைய கடைசி வார்த்தை வாயில் இருக்கும்போதே பின்பாதி தொடங்கிவிடும். பின்பாதியின் ஆமென் வருவதற்குள் அவர் அடுத்ததைத் தொடங்கியிருப்பார். நடுவில் ஓர் ஊசி நுழைய இடமில்லை. ஷைலா அன்று முதல் முறையாக அதைக் கவனித்தாள். கவனித்ததில் அவளுடைய பின்பாதி தாமதமாகி, எல்லோரும் முடித்த பிறகு அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். "தூங்கறியா ஷைலா?"

மறுநாள் வார்டில் ஒரு பெரியவர் கையை உயர்த்தி அவளைக் கூப்பிட்டார். "அம்மா, மூச்சு..."

"வாங்குதா தாத்தா?" அவள் கை ஆக்ஸிஜன் குழாய்க்குப் போய்விட்டது.

"இல்லம்மா. பக்கத்து பெட்டுக்காரன் மூச்சு வுடாம பேசிகினு கீறான். அவனக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்."

குழாயை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, ஒரு ஞானஸ்நான விருந்துக்காக இக்னேஷியஸும் ஞானகுமாரியும் குழந்தையை அழைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார்கள். ஷைலாவுக்கு மதியத்துக்கு மேல் டியூட்டி என்பதால் அவளும் பெனிட்டோவும் போகவில்லை. கிளம்பியவர்கள் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள், மழை பிடித்துக்கொண்டது. குக்கரில் மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. ஷைலா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். பெனிட்டோ எதிரில் சுவரில் சாய்ந்து பூண்டு உரித்தான்.

"பெனி, எனக்கு ஒரு ஹோம்வர்க் கீது. நீ எதுன்னா பேசு. நீ முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவன் சந்தேகத்தோடு பார்த்தான். "நெஜமா?"

"நெஜமா."

"எதப் பத்தி?"

"உன் வேலையப் பத்திப் பேசேன்."

கொஞ்ச நேரம் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து... ஒரு ஜாப்பு வந்துச்சி. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலு. ரொம்ப..."

கஷ்டமா இருந்துச்சா என்ற சொல் ஷைலாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"...நல்லா வந்துச்சி. ஓரத்துல பர்ரு, பிசிறு ஒண்ணும் இல்ல. சூப்பர்வைசர் ரவிச்சந்திரன் எடுத்துப் பாத்தாரு. வெரல வெச்சித் தடவுனாரு. ஒண்ணும் சொல்லல. ஆனா... திருப்பி ஒரு தபா தடவுனாரு."

முடிந்ததா என்று அவள் கண்ணால் கேட்டாள். அவன் தலையசைத்தான். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலில் தொடங்கி ரவிச்சந்திரன் இரண்டாவது முறை தடவியதுவரை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். பெனிட்டோ சிரித்துவிட்டான். யாரும் அவன் பேச்சை இப்படி முழுசாகத் திருப்பிக் கொடுத்ததில்லை.

"இன்னொண்ணு" என்றாள்.

இந்த முறை அவன் ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று. மழை தகரத்தின் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து வேலைன்னு வந்துச்சே... அன்னிக்கி நைட்டு சாப்புட்டுகினு இருந்தோம். நான் சொல்ல வந்தேன். ஷைலா போனா நானும் பாப்பாவும்... அப்டின்னு ஆரம்பிச்சேன். பின்னாடியே போய்டறேன்றான்னு அம்மா சொல்லிச்சி. அப்பா கையத் தட்டுனாரு. நீ அழுத. சந்தோசத்துல."

ஷைலா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்ல வந்தது... ஷைலா போனா நானும் பாப்பாவும் இங்கயே இருந்துக்கறோம்னு."

குக்கர் விசில் அடித்தது. அவன் அது அடங்கும்வரை பொறுத்தான்.

"நீ போவணும். அதுல எனக்கு வேற நெனப்பு இல்ல. நான் வரல ஷைலா. அடுத்த வருசம்னு இல்ல... எப்பவுமே வரல. தமிழ்ல பேசறதையே இங்க யாரும் முடிக்க வுடல. அந்த ஊர்ல போயி, புதுசா ஒரு பாஷைல, நான் யாராண்ட நிக்கறது? கடைக்காரன் இன்னா வேணும்னு கேப்பான். நான் யோசிக்கறதுக்குள்ள பின்னாடி நிக்கறவன கூப்புட்டுடுவான். மெஷினு... அது வெயிட் பண்ணுது. நான் பட்டன் அழுத்தற வரைக்கும் சும்மா நிக்குது."

அவன் ஒரு பல் பூண்டை எடுத்து உரித்துக் கிண்ணத்தில் போட்டான். "அவ்ளோதான். திருப்பிச் சொல்லணும் இல்ல?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். "நான் போவணும்ன்ற. நீ வரலன்ற."

"எப்பவுமே."

"எப்பவுமே வரலன்ற." அதற்கு மேல் திருப்பிச் சொல்ல அவளால் முடியவில்லை. "ஏன் பெனி இத்தினி நாளா சொல்லல?"

"சொன்னேன்" என்றான். "நெறைய தபா ஆரம்பிச்சேன்."

"அப்போ நான் லீவுல வந்து, பாப்பாவப் பாத்துட்டுப் போறதா? விருந்தாளியாட்டம்?"

அவன் யோசித்தான். அவள் காத்திருந்தாள். பாடத்துக்காக இல்லை, அவன் என்ன சொல்வான் என்று இந்த முறை அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"தெரியல" என்றான். "அத நெனச்சா எனக்கும் தூக்கம் வரல. நீ போவாதன்னு சொல்லிடலாமான்னு கூட இருந்துச்சி. ஆனா நீ அந்த புக்க வெச்சிகினு ஒக்காரசொல்ல... உன் மூஞ்சி வேற மாதிரி கீது."

மழை லேசாக விட்டபோது அவள் டியூட்டிக்குக் கிளம்பினாள். வாசலிலேயே ஆட்டோ வந்து நின்றது. பூந்தமல்லி தூரம், மழையில் வேண்டாம் என்று பாதியிலேயே திரும்பிவிட்டிருந்தார்கள். குழந்தையை இறக்கிய ஞானகுமாரி மருமகளின் கண்ணைப் பார்த்தார்.

"இன்னாடி, வெங்காயமா?"

"ஆமா அத்தை" என்றாள் ஷைலா.

நவம்பர் தேர்வுக்கு அவள் சென்னைக்குள் போக வேண்டியிருந்தது. அன்றும் மழை. ரயிலில் ஈரக்குடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. பெனிட்டோவும் சொல்லவில்லை. மகனை எந்த ஜெர்மன் வகுப்பில் சேர்க்கலாம் என்று ஞானகுமாரி விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

தேர்வு அறை குளிர்ந்து கிடந்தது. முன்னால் இரண்டு ஒலிபெருக்கிகள். ஷைலா பேனாவை மேசைமேல் படுக்க வைத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ ஒருவன் வேலை கேட்டுப் பேசினான். யாரோ ஒருத்தி வீட்டுச் சொந்தக்காரனிடம் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். முதலில் ஒன்று சொன்னார்கள், தயங்கினார்கள், வேறொன்றுக்குப் போனார்கள். அவர்கள் பேசி முடித்து அமைதியான பிறகுதான் அவள் பேனாவை எடுத்தாள். குறிக்க நேரம் போதாதோ என்று பயந்திருந்தாள். போதுமானதாக இருந்தது.

கடைசிப் பகுதியில் ஒருவர் நீளமாக உரையாற்றினார். அதற்குள் ஷைலாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்த முறை தேறிவிடும் என்று. தேறாமல் போவதற்கும் வழி இருந்தது. சில கேள்விகளில் பக்கத்துக் கட்டத்தைக் குறித்தால் போதும். யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்காது. அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்று ஞானகுமாரி சொல்லிவிடுவார். பெனிட்டோ ஆமா என்பான். அவன் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சமையலறையில் நின்றுவிடும்.

உரை முடிந்தது. அவள் காதில் விழுந்தபடியே எல்லாவற்றையும் குறித்தாள்.

திருமுல்லைவாயிலில் இறங்கியபோது மாலையாகியிருந்தது. பெனிட்டோ ரெயின்கோட்டோடு பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

"எப்டி... இருந்துச்சி?"

"எல்லாமே கேட்டுச்சி" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக்குகளும் ஷேர் ஆட்டோக்களும் நெருக்கியடித்து நின்றன. சக்கரங்களுக்கு அடியில் மழைத்தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து ஓடியது.

"பாப்பாவ..." என்றான் பெனிட்டோ, திரும்பாமலே.

அவள் காதை அவன் தோளுக்குக் கொண்டுபோனாள்.

"எல்கேஜில... நம்ப கோயில் ஸ்கூல்ல..."

ஆவடி பக்கம் போகிற மின்சார ரயில் வந்து, நீளமாகக் கடந்து போனது. அவன் நிறுத்தியிருந்தான். மீதி என்னவென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லவில்லை. கேட் மேலே ஏறத் தொடங்கியதும் சுற்றி எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன.

"யோவ், ரெயின்கோட்டு! வண்டிய எட்றா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

பெனிட்டோ வண்டியை எடுக்கவில்லை. மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"...சேத்துடட்டுமா? இங்கயே?"

இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு முன்னால் போயின. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

"சேத்துடு" என்றாள் ஷைலா.

அவன் முன்பக்கம் திரும்பி வண்டியைக் கிளப்பினான்.